நான்கெல்லை

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது முன்னோர் வாக்கு. ஆசிரியப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகி, ஒன்பது வாடகை வீடுகளில் குடியிருந்த எங்கள் இருவருக்கும் அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரின் முகக்குறிப்பைப் பார்த்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஓய்வுக் காலம் நெருங்கியபோது, ஒட்டன்சத்திரத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டுவதென்று துணிந்தோம். வழிப்போக்கர் தங்கிச் செல்லும் சத்திரத்தைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் நிலையாகத் தங்க விரும்பியதை நினைத்து நாங்களே நகைத்துக்கொண்டதுண்டு.

தாராபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, முப்பத்திரண்டு மனைகள் கொண்ட சிறிய குடியிருப்பு அது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை தக்காளியும் சின்ன வெங்காயமும் விளைந்த பூமி. அங்கே பறித்த காய்கள் காந்தி மார்க்கெட்டுக்குச் சென்று, அங்கிருந்து லாரிகளில் கேரளம் போயின. கிணற்றில் நீர் இறங்கியது. பிள்ளைகள் படித்து வெளியூர் சென்றனர். உழவர் நிலத்தை விற்றார். வயலில் எல்லைக்கற்கள் முளைத்தன. நாங்கள் வாங்கிய 5 சென்ட் மனையில், அதாவது 2,178 சதுர அடியில், முதல் மழைக்கு யாரும் விதைக்காத தக்காளிச் செடிகள் தலைகாட்டின. மண் தன் பழைய தொழிலை மறக்கவில்லை.

வாங்கிய கதை எளிதானதன்று. 2016 ஆகஸ்டில் முன்பணம் கொடுத்தோம். செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. விளைநிலங்கள் வரைமுறையின்றி வீட்டுமனைகளாவதைத் தடுக்க எழுந்த நியாயமான ஆணைதான். ஆனால் சேமிப்பில் பாதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு அந்த நியாயம் பல இரவுகளின் உறக்கத்தைப் பறித்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளிவந்தன. உரிய கட்டணம் செலுத்தப்பட்டு, 2018இல் பத்திரம் பதிவாயிற்று. அப்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. 2023இல்தான் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தது. திருமண நாளில் பூட்டிய நகைகளில் தாலி நீங்கலாக ஏறக்குறைய அனைத்தும் அந்த மண்ணுக்குள் போயின.

தாய்ப்பத்திரம், பட்டா, முப்பதாண்டு வில்லங்கச் சான்று என ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படித்தோம். எங்கள் கிரயப் பத்திரத்தில் ‘செக்குபந்தி’ என்ற தலைப்பின் கீழ் நான்கெல்லை குறிக்கப்பட்டிருந்தது: 23 அடிப் பொதுப்பாதைக்குத் தெற்கு, தோட்ட நிலத்துக்கு வடக்கு, 14ஆம் எண் மனைக்குக் கிழக்கு, 16ஆம் எண் மனைக்கு மேற்கு. அந்நாளில் அதை வெறும் சட்டநடை என்றே எண்ணிக் கடந்துவிட்டோம்.

16ஆம் எண் மனைக்காரர் காய்கறி மண்டி ஒன்றில் கணக்கெழுதுபவர். எங்களுக்கு முன்பே அங்கே வீடு கட்டிக் குடியேறியவர். எங்கள் பங்குத்தந்தை புது இல்லத்தை மந்திரிக்க வந்த நாளில், தம் வீட்டு நாற்காலிகளைத் தாமே சுமந்து வந்து போட்டவர். மாலையில் மண்டியிலிருந்து திரும்பும்போது, மிஞ்சிய கத்தரிக்காயில் ஒரு கைப்பை எங்கள் வாயிற்படியில் இருக்கும். வேலியோரமாக நாங்கள் நட்ட முருங்கைப் போத்து வேர்பிடித்துத் தழைத்தபோது, “டீச்சர் கைராசி” என்று சொல்லி மகிழ்ந்தவரும் அவரே.

மூன்றாண்டுகள் இப்படி நல்லுறவில் கழிந்தன. 2021இல் கம்பி வேலியை அகற்றிவிட்டுச் சுற்றுச்சுவர் எழுப்ப நினைத்தோம். அதே நாள்களில் அவரும் பக்கவாட்டில் ஓர் அறை சேர்க்க வானம் தோண்டினார். தோண்டிய பள்ளம் எங்கள் வேலியை ஒட்டி, சிறிது இப்பாலும் வந்துவிட்டதாக எங்கள் கண்ணுக்குப் பட்டது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வாயிற்படியில் இருந்த கத்தரிக்காய்ப் பையை எடுக்காமல் விட்டோம். அவரும் புரிந்துகொண்டவர்போல் பின்னர் வைக்கவில்லை. மூன்று வாரம் இரு வீட்டுக்கும் இடையே பேச்சு இல்லை.

அந்த வாரங்களில் ஒருநாள், இலண்டனின் புறநகரான ஹாரோவில் வசிக்கும் எங்கள் மகளிடம் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டோம். அவளும் மருமகனும் அப்போதுதான் அங்கே ஒரு வீடு வாங்கியிருந்தனர். நடுச்சுவர் ஒன்றாகவும் வீடு இரண்டாகவும் ஒட்டிக் கட்டப்பட்ட இல்லம். அவள் சொன்ன செய்திகள் எங்களுக்குப் புதியவை. அந்நாட்டில் வீட்டை விற்பவர், பக்கத்து வீட்டாருடன் தகராறு ஏதும் உண்டா என்று கேட்கும் படிவத்தை நிரப்பித் தருவது வழக்கமாம். பொதுச்சுவரில் கைவைக்க வேண்டுமானால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாதங்களுக்கு முன்பே அயலாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டுமாம். நிலப்பதிவு வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடோ பொதுவான எல்லையை மட்டுமே காட்டும். அங்குலக் கணக்கில் எல்லையை உறுதி செய்வதில்லையாம். “கோட்டை நம்பி இங்கே யாரும் சண்டைக்குப் போக முடியாதம்மா, பேசித்தான் தீர்க்கணும்” என்றாள். நம் வில்லங்கச் சான்று அடமானத்தைக் காட்டும், கைமாறியதைக் காட்டும்; அடுத்த வீட்டாரின் மனத்தைக் காட்டாது என்று அன்று இரவு பேசிக்கொண்டோம். ஆயினும் காலையில் வீம்பு மாறவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் பணம் கட்டி, மனையை அளந்து தர மனுக் கொடுத்துவிட்டோம்.

நில அளவையர் புலப்படத்துடன் வந்தார். பாதையோரக் கல்லிலிருந்து நாடாவைப் பிடித்தார். இரண்டு வீட்டாரும் எதிரெதிரே நின்றோம். பிறருடைய எல்லைக்கல்லைப் பெயர்க்காதே என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளை எங்கள் நினைவில் இருந்தது. அதை அவருக்கென்றே நினைத்திருந்தோம். அரை மணி நேரம் அளந்தபின் அளவையர் எங்கள் பக்கம் திரும்பினார். எல்லை தாண்டியிருந்தது அவருடைய பள்ளம் அன்று, எங்கள் வேலி. முக்கால் அடி அகலம், 60 அடி நீளம், ஆக 45 சதுர அடி அவர் நிலத்தை மூன்றாண்டுகளாக நாங்கள் அனுபவித்து வந்திருந்தோம். முருங்கை மரமும் அவர் மண்ணிலேயே நின்றது. மனையைச் சமப்படுத்தியபோது இயந்திரம் பெயர்த்த கல்லை எங்கள் கொத்தனார் உத்தேசமாக நட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு நா எழவில்லை. மன்னிப்புக் கேட்க முயன்றபோது அவர் குறுக்கிட்டார்.

“நீங்க குடிவந்தப்பவே தெரியுமுங்க சார். அதுக்குள்ள டீச்சர் முருங்கைப் போத்து ஊன்றிட்டாங்க. வேர் பிடிக்கிற செடிய எதுக்குப் பிடுங்கச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

அவ்வளவே அவர் சொன்னது. அவரிடம் பணம் குறைவு. எங்களைப்போலவே கடன்பட்டு மனை வாங்கியவர். அதே 45 சதுர அடி எங்களுடையது என்று எண்ணியிருந்த மூன்று வாரமும் அதன் விலையை நாங்கள் பலமுறை பெருக்கிப் பார்த்திருந்தோம். அவர் ஒருமுறையேனும் பெருக்கிப் பார்த்திருப்பாரா?

மறுநாளே வேலியைப் பிரித்து உரிய இடத்தில் நட்டோம். சுற்றுச்சுவர் எண்ணத்தை அந்தப் பக்கம் மட்டும் கைவிட்டோம். மரத்தை வெட்டிவிடுங்கள் என்றோம், அவர் வெட்டவில்லை. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும்: அதன்பின் கத்தரிக்காய்ப் பை எங்கள் படிக்குத் திரும்பி வரச் சில மாதங்கள் ஆயின. நிலத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் போதுமானதாக இருந்தது. சந்தேகித்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள அது போதவில்லை.

அண்மையில் வரி கட்டுவதற்காகப் பத்திரத்தை எடுத்தபோது, அந்தச் செக்குபந்தியை மீண்டும் படித்தோம். எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, அந்த ஏட்டுக்கு எங்களைக் கொண்டு இயலவில்லை. இன்னாருக்கு மேற்கு, இன்னாருக்குக் கிழக்கு என்று அயலாரைக் கொண்டே அது எங்களுக்கு இடம் காட்டுகிறது. அவர்களை எடுத்துவிட்டால் எங்கள் 5 சென்ட்டுக்கு முகவரியே இல்லை. தனி வளை தேடி வந்த எங்களுக்கு, தனியாக எந்த வளையும் கிடையாது என்பதை நாங்கள் விலைகொடுத்து வாங்கிய பத்திரமே முதல் நாளில் சொல்லியிருக்கிறது.

முருங்கை இவ்வாண்டும் நன்றாகக் காய்த்திருக்கிறது. காய்களை அவர் வீட்டில் பறிக்கிறார்கள். பாதி எங்கள் படிக்கு வருகிறது.