பத்தொன்பது கிலோமீட்டருக்கு ஒரு டயர்

போன வாரம் சென்னையில் இருக்கிற சிநேகிதர் ஒருத்தர் போன் பண்ணினார். புதுசா ஜீப் மாதிரி ஒரு வண்டி எடுத்திருக்கிறார். "நீங்க மட் டயர் போட்டு வருசக்கணக்கா ஓட்டினவராச்சே, நானும் போடலாமா? பார்க்கக் கெத்தா இருக்குமே" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. "எழுதுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன்னா அந்த டயர் கதையில் டயர் மட்டும் இல்லை. அப்பா இருக்கிறார், ஒரு சுருட்டை விரியன் இருக்கு, செத்துப்போன ஒரு செம்மறி இருக்கு, நானும் சின்னையாவும் பேசாமல் இருந்த பதினோரு வருசமும் இருக்கு.

எங்க ஊர் விளாத்திகுளம் பக்கம். முழுக்கக் கரிசல் காடு. வெயில் காலத்தில் கை நுழையற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதே மண் ஐப்பசியில் நாலு மழை குடித்துவிட்டால் உப்பிப்போய், பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். செருப்போட நடந்தால் பத்தடியில் ஒவ்வொரு காலும் ரெண்டு கிலோ கனக்கும். செம்மண்ணில் வண்டி வழுக்கும், அவ்வளவுதான். கரிசல் அப்படி இல்லை. டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு, பல் இடுக்கெல்லாம் அடைத்து, டயரையே மொட்டையாக்கிவிடும். அதுக்குப் பிறகு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா இருந்தாலும் நின்ற இடத்திலேயே சுத்த வேண்டியதுதான்.

தார் ரோட்டிலிருந்து எங்க தோட்டத்து வீட்டுக்கு 600 மீட்டர் வண்டிப்பாதை. நாலு பிஞ்சைக்காரர்களுக்குப் பொதுவானது. அதில் ஓடையை ஒட்டி ஒரு 80 மீட்டர் பள்ளம். மழைத்தண்ணி முன்னாடியெல்லாம் சின்னையா பிஞ்சை ஓரத்து வாய்க்கால் வழியா ஓடைக்குப் போய்விடும். 2012-ல் அவர் நிலத்தை மட்டப்படுத்தினபோது வாய்க்கால் மூடிப்போச்சு. "வாய்க்காலைத் திறங்க"ன்னு நான் சொல்ல, "வரப்பு எங்க இருக்குன்னு மொதல்ல அளந்து பாரு"ன்னு அவர் சொல்ல, பேச்சு நின்றது. பங்காளிச் சண்டைக்கு அவ்வளவு போதும். தண்ணி பாதையிலேயே தங்கிக்கொண்டது.

2018 ஐப்பசியில் ஒரு ராத்திரி, மோட்டார் ரூமுக்குப் போன அப்பாவைச் சுருட்டை கடித்துவிட்டது. பொலிரோ கேம்பரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான், ஆனால் கம்பெனி போட்டுக் கொடுத்த ரோட்டு டயர். அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றது, நின்றதுதான். வேப்பங்கிளை, சாக்கு, பலகைன்னு எதை எதையோ டயருக்கு அடியில் கொடுத்துப் பார்த்தேன். கால்மணி நேரத்தில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. அப்பா உள்ளே உட்கார்ந்துகொண்டு, "பதறாதய்யா"ன்னு என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். அவர் கால் வீங்கிக்கொண்டே இருந்தது.

இஞ்சின் இரைச்சல் கேட்டு டிராக்டரோட வந்தது சின்னையா. ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கிலியை மாட்டி இழுத்துத் தார் ரோட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் 600 மீட்டரைக் கடக்க அன்றைக்கு எனக்கு ஐம்பது நிமிசம் ஆனது. அந்த ஐம்பது நிமிசம் ரொம்ப நாள் தூக்கத்தில் வந்தது.

இன்னொரு ராத்திரி அப்படி நிற்கக் கூடாது. அதுக்கு நான் கண்டுபிடித்த வழிதான் மட் டயர். 2019 ஆடியில் நாலு டயர் போட்டேன், 44,000 ரூபாய். ரோட்டு டயர் புதுசில் பல் ஆழம் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். இதில் பதினாலரை இருந்தது. பெரிய பெரிய கட்டையா பல், நடுவில் அகலமா இடைவெளி, பக்கவாட்டிலும் பல். மண் அப்பினால் சக்கரம் சுத்துற வேகத்தில் அதைத் தூக்கி எறிய அந்த இடைவெளி வேணும். டிராக்டர் பின் டயர் எதுக்கு அவ்வளவு விலகி விலகிப் பல் வைத்திருக்கோ, அதே காரணம்தான்.

முதல் வருசம் அந்த டயர் சொன்ன வேலையைச் செய்தது, இதை மறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி, 35-ல் இருக்கிற காற்றை 20-க்கு இறக்குவேன். டயர் கொஞ்சம் அமுங்கி, அகலமா மண்ணில் உட்காரும். பள்ளத்துக்குள் போனதும் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசா ஆட்டிக்கொண்டே விடாமல் ஒரே சீரா மிதிக்கணும். கரிசல் உருண்டை உருண்டையாப் பறந்து கூரையில் விழும். வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும். ஏறினதும் மறுபடி காற்றடிக்கணும், குறைந்த காற்றோட தாரில் ஓட்டினால் டயர் சூடேறி வீணாப் போயிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. எங்க பக்கம் திரும்பின இடமெல்லாம் வேலிக்கருவை. ரோட்டு டயரில் மாசத்துக்கு ரெண்டு பஞ்சர் சாதாரணம். மட் டயர் போட்ட நாலு வருசத்தில் மூணே பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் கோபித்துக்கொள்ளாத குறைதான்.

ரெண்டாவது வருசத்தில் சத்தம் வந்தது. முதலிலேயே தாரில் ஒரு ரீங்காரம் இருக்கும், கேட்கச் சுகமாத்தான் இருந்தது. மட் டயரை எட்டாயிரம் கிலோமீட்டருக்குள் முன்னே பின்னே மாற்றிப் போடணும். வெங்காய அறுப்பு, உளுந்து அறுப்புன்னு நான் தள்ளிப்போட்டுப் பதினைந்தாயிரத்தில் மாற்றினேன். அதுக்குள் ஒவ்வொரு பல்லும் ஒரு ஓரம் உயர்ந்து ஒரு ஓரம் தேய்ந்து, ரம்பம் மாதிரி ஆகியிருந்தது. பல் தனித்தனிக் கட்டையா நிற்பதால் தாரில் ஒவ்வொன்றும் வளைந்து வளைந்து விடும், அதனால்தான் இப்படித் தேயுது. பிறகு மாற்றிப் போட்டும் சத்தம் குறையவே இல்லை. தார் ரோட்டு வளைவில் நான் திரும்பும்போதே வீட்டில் சத்தம் கேட்டு, என் வீட்டம்மா டீக்குப் பால் வைத்துவிடுவார். எனக்கு அது வசதி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசணும்னாலும் கத்தணும்.

டீசல் கணக்கு மெதுவாத்தான் உறைத்தது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11 கொடுத்தது. ஒரு கிலோமீட்டர்தானேன்னு தோணும். 46,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 350 லிட்டர். சராசரி விலை 85 ரூபாய்னு வைத்தாலும் 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு.

மூணாவது வருசம்தான் நான் ஏமாந்தது. பல் ஆழம் பாதியாகிவிட்டது. பார்க்கிறவனுக்கு அது தெரியாது, ஏழு மில்லிமீட்டர் இருந்தாலே முரட்டு டயராத்தான் கண்ணுக்குத் தெரியும். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். ஆனால் சேறு சட்டம் பார்க்காது. பல்லின் ஓரக்கூர் மழுங்கி, இடைவெளியின் ஆழமும் குறைந்ததும், கரிசல் ரெண்டு சுத்திலேயே அடைத்துக்கொண்டது. பழையபடி பள்ளத்தில் நிற்க ஆரம்பித்தேன். சேற்றுக்கு வாங்கின டயரின் பல்லை அரைத்துத் தின்றது சேறு இல்லை, சித்திரை வெயிலில் கொதிக்கிற தார் ரோடு. வெங்காய மூட்டையும் ஏற்றிக்கொண்டு தினமும் அதில்தானே ஓடினேன்.

2022 கார்த்திகை. தூறல் விழுந்த சாயங்காலம், அப்பாவோட டவுனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வேகம் ஐம்பதுக்கு மேல் இல்லை. வளைவு தாண்டினதும் ரோட்டில் செம்மறிக் கூட்டம். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல் அப்படியே சறுக்கியது. மட் டயரில் தண்ணி வெளியேற நிறைய வழி இருக்கும். ஆனால் ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. ஈரத் தாரைக் கவ்விப் பிடிக்கப் பல்லின் மேல் சின்னச் சின்னக் கீறல்கள் வேணும். புதுசில் அதுவே கொஞ்சம்தான் இருந்தது, என் டயரில் எப்பவோ தேய்ந்து போயிருந்தது. ரப்பரும் இறுகிவிட்டது. ஒரு ஆடு அடிபட்டுச் செத்தது. ஆட்டுக்காரப் பெரியவர் அதிலிருந்து ரெண்டு எட்டு தள்ளி, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஆட்டுக்கு விலை கொடுத்தேன். பெரியவர் என்னைத் திட்டக்கூட இல்லை, "மழ நேரம், பாத்துப் போங்கய்யா" என்றார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு உயிரைக் காப்பாத்தணும்னு போட்ட டயர், இன்னொரு உயிர்கிட்ட ரெண்டு எட்டு வரைக்கும் போய்விட்டு வந்திருக்கு.

வீடு வருகிற வரைக்கும் அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. இறங்கும்போது கேட்டார்: "ஏய்யா, வண்டிக்குச் செருப்பு மாத்திக்கிட்டே இருக்கியே, பாதைக்கு ஒரு லோடு சரள் போடணும்னு தோணலையா?"

"பொதுப்பாதைப்பா. வாய்க்காலைத் திறக்காம சரள் போட்டா நிக்காது. அதுக்கு அவர்கிட்டப் பேசணும்."

"பேசுறது நாப்பதாயிரத்தவிடப் பெரிசா?"

அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாதை ஈரமா இருக்கிற நாள் வருசத்துக்கு முப்பது இருக்கும். போய்வர ஒரு நடைன்னு வைத்தால், அந்த 80 மீட்டர் பள்ளத்தில் நாலு வருசத்தில் நான் ஓட்டுவது மொத்தம் 19 கிலோமீட்டர். இந்தப் பத்தொன்பதுக்காக 46,000 கிலோமீட்டர் இரைச்சலும் டீசலும் சறுக்கலும். சரியாச் சொன்னால் அதுக்காகக்கூட இல்லை. ஒரு மனுசன்கிட்டப் போய்ப் பேசாமல் இருப்பதுக்காக. அப்பாவை ஏற்றின வண்டியை இழுத்துவிட்டது அவர். மறுநாள் அவர் வீட்டு வாசலுக்குப் போயிருக்கணும். நான் டயர் கடைக்குப் போனேன்.

அப்புறமும் உடனே போய்விடவில்லை. தைப் பொங்கல் தாண்டி, ஒரு காலையில்தான் போனேன். "சின்னையா, பாதை விஷயமா..."ன்னு ஆரம்பித்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "இதக் கேக்கவா இத்தன வருசம்? அன்னைக்கு ராத்திரி இழுக்கும்போதே நெனச்சேன், மறுநா வருவான்னு" என்றார். வரப்பு அளக்கிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது இன்னும் அளக்காமல்தான் கிடக்கிறது.

2023 கோடையில் வேலை நடந்தது. ஜேசிபி வைத்து வாய்க்காலைத் திறந்து, பாதைக்குக் குறுக்கே நாலு சிமெண்ட் குழாய் பதித்தோம். பள்ளத்தில் முதலில் உடைகல் ரெண்டு லோடு, அதுக்கு மேல் சரள் ஒன்பது லோடு, நடுவில் மேடா, ரெண்டு பக்கமும் தண்ணி வடிகிற மாதிரி. மொத்தம் 68,000 ரூபாய். நாலு பிஞ்சைக்காரர்கள் பங்கு போட்டதில் ஆளுக்கு 17,000. என் டயர் விலையில் பாதிகூட இல்லை.

ஆவணியில் மட் டயரைக் கழற்றினேன். பல் நாலரை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் பொடிப்பொடியா வெடிப்பு. டயர் ஓரத்தில் நாலு எண் அச்சடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். என் டயரில் 1119. அதாவது 2019-ஆம் வருசம் பதினோராவது வாரம் செய்தது. நாலரை வருச வெயில் அதன் மேல் ஏறியிருந்தது. இப்ப போட்டிருப்பது ஆல் டெரைன். சின்னப் பல், நிறையக் கீறல். சத்தம் இல்லை, ஈர ரோட்டில் நிற்கிறது. பஞ்சர் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கு.

அந்த வருசம் டிசம்பர் 17, 18-ல் எங்க மாவட்டத்தில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்க பக்கம் அந்த அளவு இல்லைன்னாலும், ரெண்டு நாள் பாதையே கண்ணில் தெரியவில்லை. அந்த மழையில் எந்த டயர் இருந்தும் பிரயோசனம் இல்லை. மூணாம் நாள் தண்ணி வடிந்தபோது சரளில் ரெண்டு இடம் அரித்திருந்தது, உடைகல் அப்படியே இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே வண்டி தாருக்கு வந்துவிட்டது. அரித்த இடத்துக்கு இன்னும் ரெண்டு லோடு போட்டோம். கரிசல் எப்படியும் கொஞ்சம் கொஞ்சமா விழுங்கிக்கொண்டேதான் இருக்கும், வருசா வருசம் பார்க்கணும்.

இனி சிநேகிதருக்குப் பதில். மலைத் தோட்டத்தில், தினமும் சேற்றிலேயே ஏறி இறங்குகிறவர்களுக்கு மட் டயருக்கு மாற்று கிடையாது. அவர்கள் கட்டாயம் போடட்டும், எட்டாயிரத்துக்குள் மாற்றி மாற்றிப் போடட்டும், பாதி தேய்ந்ததும் சேற்றில் அதை நம்பாமல் இருக்கட்டும். நீங்க ஓட்டப்போவது தாம்பரத்திலிருந்து அண்ணாநகருக்கு. வருசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் சேற்றில் ஓட்டுவீங்கன்னு ஒரு தாளில் எழுதிப் பாருங்க. என் நோட்டில் வந்தது நாலு வருசத்துக்கும் சேர்த்துப் பத்தொன்பது.

கழற்றின டயரில் மூணு ஷெட்டில் கிடக்கு. நாலாவதைச் சின்னையா, "கன்னுக்குட்டித் தொட்டிக்கு ஆகும்"னு கேட்டு உருட்டிக்கொண்டு போனார். சரள் போட்ட பாதையில்தான்.