சைகோன் எவ்வளவு தூரம்?

"சாமி, சைகோனுக்கு விமானத்தில் போக எத்தனை மணி நேரமாகும்?" என்று சென்ற ஆண்டு எமது பங்கின் மூதாட்டியார் ஒருவர் என்னை வினவினார். எண்பது வயதைக் கடந்தவர், சைகோனில் பிறந்தவர். தந்தையை அந்நகரின் மாக் தின் சி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டுப் பத்து வயதில் தாயோடு கப்பலேறிப் புதுவை வந்து சேர்ந்தவர். நான் அலுவல் ஒன்றின் பொருட்டு அங்குச் செல்லவிருப்பதை அறிந்தே கேட்டார்.

புதுவைக் குடும்பங்களுக்கு அந்நகரின் பெயர் புதிதன்று. 1881-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, குலவழக்கைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்றோருள் பலர், சிறப்பாகக் கிறிஸ்தவர், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த கொச்சின்சீனாவில் காவல், சுங்கம், வரித்தண்டல் ஆகிய அலுவல்களில் அமர்ந்தனர். அதற்கும் நெடுநாள் முன்னரே, 1785-இல், ஆயர் பிஞோ தெ பெஹேன் வியத்நாம் இளவரசனான சிறுவன் கானை அழைத்துக்கொண்டு புதுவைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தார். அந்நாளில் பாய்க்கப்பலுக்குப் பருவக்காற்றே கடிகாரம். நீராவிக் கப்பல் வந்த பின்னரும் பயணம் நாள்கணக்கில்தான். நமது கடற்கரையில் கப்பல் அணையும் துறைமுகமும் இல்லை. தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகில் சென்றே ஏறவேண்டும்.

நேர்க்கோட்டில் அளந்தால் புதுவைக்கும் சைகோனுக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் இடையில் நில்லாது பறந்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2023-இல் திருச்சியிலிருந்து நேரடி விமானமும் தொடங்கப்பட்டது. எனக்கு வாய்த்ததோ சிங்கப்பூர் வழி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கே அதே 2,900 கிலோமீட்டர்! அங்கிருந்து வடக்கே திரும்பி மேலும் 1,100. மாலை ஆறு மணிக்குப் புதுவையை விட்டு, மூன்று மணி நேரம் மோட்டாரில் மீனம்பாக்கம் சேர்ந்து, நள்ளிரவில் விமானமேறினேன். வானில் இருந்தது ஆறேகால் மணி நேரமே. வாசலிலிருந்து வாசலுக்கோ பதினேழு மணி நேரம். காத்திருப்பதே இக்காலப் பயணத்தின் பெரும்பகுதி போலும்.

அலுவல் முடிந்த மறுநாள், 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட நோத்ர் தாம் பேராலயத்தின் அருகிலிருந்து கல்லறைத் தோட்டத்தைத் தேடி நடந்தேன். அது இருந்த இடத்தில் பூங்கா ஒன்று இருந்தது. 1983-இல் கல்லறைகளை அகற்றிவிட்டனராம். சிறுவர் பந்தாடிக்கொண்டிருந்தனர், முதியோர் உடற்பயிற்சி செய்தனர். மூதாட்டியார் கொடுத்தனுப்பிய மெழுகுவர்த்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவ்விடத்தில் அதனை ஏற்ற மனம் துணியவில்லை. இறந்தோர்க்கான செபத்தை வாய்க்குள் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பியதும் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. மறைக்கலாமா என்று ஒரு கணம் எண்ணியது உண்மை. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "மரங்கள் இருந்தனவா, சாமி?" என்றார்.

"பெரிய மரங்கள் இருந்தன, அம்மா. நல்ல நிழல்."

நான் திருப்பிக் கொடுத்த மெழுகுவர்த்தியை முந்தானையில் முடிந்துகொண்டார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தந்தையின் பெயருக்குத் திருப்பலிக் கருத்து ஒன்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எத்தனை மணிப் பூசை என்றேன். அங்கே கடிகாரம் நம்மினும் ஒன்றரை மணி முன்னே ஓடுவதை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ஐந்தரைப் பூசையில் வையுங்கள், சாமி. அப்போது அங்கே ஏழு மணி, விடிந்திருக்கும்."