முகம் பார்த்து விலை

நள்ளிரவு தாண்டிவிட்டது. சிவிலைசேஷன் 4 ஆடிக்கொண்டிருப்பவர், ஸ்பெயின் ராணி இசபெல்லாவின் பெயர்மேல் மௌஸைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். மொய் நோட்டைப் பிரித்ததுபோல ஒரு பட்டியல் விரிகிறது. இத்தனை வருடம் சண்டையில்லாமல் இருந்ததற்கு +2. ராணியின் மதத்துக்கே மாறியதற்கு +5. எல்லைகள் உரசுவதற்கு -2. அவளுக்கு ஆகாதவனோடு வியாபாரம் வைத்துக்கொண்டதற்கு -3. உதடு அசையக் கூட்டிப் பார்க்கிறார்: இரண்டு. இன்னும் ஒன்று வேண்டும். தன்னிடம் பழசாகிப்போன ஒரு தொழில்நுட்பத்தை எடுத்து, பதிலுக்கு எதுவும் கேட்காமல் அவள் பக்கம் தள்ளிவிடுகிறார்.

கம்ப்யூட்டர் எதிராளிக்குப் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. ஒரு கூட்டுத்தொகைதான் உண்டு. ஃபிராக்ஸிஸ் உருவாக்கி 2005-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் அந்தத் தொகை 3-ஐத் தொட்டால் எதிராளிக்குத் திருப்தி, 10-ஐத் தொட்டால் நட்பு. -3 என்றால் எரிச்சல், -10 என்றால் ஆத்திரம். 3-க்கும் -3-க்கும் நடுவே எச்சரிக்கை. ஆக ஐந்தே முகங்கள். தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன்தான் எதிராளிகளின் மூளையையும் எழுதியவர். அந்தக் கணக்கின் பெரும்பகுதியை ஆட்டக்காரர் கண்ணில் படும்படி வைத்தது இந்த ஆட்டத்தின் பெரிய உபகாரம். சில கணக்குகள் மறைவாகவும் ஓடுகின்றன. ஆனாலும் எதிராளி ஏன் முறைக்கிறான் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

புதிதாக ஆடுபவர்கள், உறவு நன்றாக இருந்தால் விலை குறையும் என்று நினைப்பார்கள். இங்கே உறவு முதலில் செய்கிற காரியம் வேறு. அது கதவைத் திறக்கிறது, அல்லது சாத்துகிறது. ஆல்ஃபபெட் என்ற அகரவரிசையைக் கண்டுபிடித்தபின் தொழில்நுட்பங்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பேர மேசையில் பாதிப் பொருள்கள் சிவப்பாகக் கிடக்கும். எதிராளி உங்களைத் தன் முதல் எதிரியாக வைத்திருந்தால் பேச்சே இல்லை. மனநிலை போதாவிட்டாலும் இல்லை. எல்லாம் சரியாக இருந்து, நாலு பேரிடம் நிறைய வாங்கிக் குவித்துவிட்டால், ‘நீ ரொம்ப முன்னேறிவிட்டாய், பயமாக இருக்கிறது’ என்று ஒரு மறுப்பு வரும். (மூலநிரலில் இந்த மறுப்புக்கு வைத்திருக்கும் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.) தன்னிடம் மட்டுமே இருப்பதை இப்போதைக்குக் கைவிட மனமில்லை என்று இன்னொரு சாக்கும் உண்டு. இந்த இரண்டு சாக்குகளையும் நட்பு என்ற முகம் ஒரேயடியாகத் துடைத்துவிடுகிறது. 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளிக்காக ஆட்டக்காரர்கள் மதம் மாறுவதும், வேண்டாத போரில் இறங்குவதும் இதனால்தான்.

கதவு எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாலி அரசர் மான்சா மூசா, சும்மா எட்டிப்பார்த்தாலே பேரத்துக்கு உட்கார்ந்துவிடுவார். ஜப்பானின் தொகுகாவா எல்லையைத் திறக்கக்கூட முகம் சுளிப்பார். மூசாவின் குணம் பொருத்தமானதே: 1324-இல் மக்கா போகும் வழியில் கெய்ரோவில் அவர் வாரி இறைத்த பொன்னால் அங்கே தங்கத்தின் மதிப்பே சரிந்தது. தொகுகாவா விஷயத்தில்தான் அநியாயம். ஆட்டத்தில் வருபவர் தொகுகாவா இயெயாசு. அவரோ கடல் வணிகத்துக்குச் செம்முத்திரை அனுமதி கொடுத்தவர், 1609-இல் டச்சுக்காரர்களை உள்ளே விட்டவர், வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில மாலுமியை ஆலோசகராக வைத்துக்கொண்டவர். நாட்டைப் பூட்டியது 1630-களில் பேரன் இயெமிட்சு. பேரன் செய்ததற்குத் தாத்தாவைத் திட்டிக்கொண்டே உலகமெங்கும் ஆடுகிறார்கள்.

கதவுக்குப் பதிலாகத் தராசைக் கையில் எடுத்த ஆட்டங்களும் உண்டு. 2006-இல் ஸ்டார்டாக் வெளியிட்ட கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2-இல் ராஜதந்திரம் என்பது ஒரு திறன். தொடக்கத்திலேயே புள்ளி கொடுத்து வாங்கலாம், ஆராய்ச்சியால் வளர்க்கலாம். அது ஏற ஏற, நீங்கள் விற்கும் தொழில்நுட்பம் எதிராளியின் கண்ணுக்கு ஒசத்தியாகத் தெரியும். ஒரே சரக்கை இந்தக் கடையில் வாங்கி அந்தக் கடையில் விற்று, அங்கே கிடைத்ததை மூன்றாவது கடையில் தள்ளி, ஒரே டர்னில் தரகுக்காரராகிவிடலாம். சொந்த ஆராய்ச்சிக்கூடம் தூங்கலாம். முதல் மூன்று ஆட்டம் வரை குதூகலம். அதற்குப் பிறகு கல்லாவில் உட்கார்ந்த அலுப்பு. சிவிலைசேஷன் 4-இன் 2007 விரிவாக்கத்தில், வாங்கியதை மறுபடி விற்கக் கூடாது என்ற விருப்ப விதி வந்ததற்கும் காரணம் இதே தரகுதான்.

அப்படியானால் ராஜதந்திரத்தின் விலை என்ன? இதற்கு எண்ணால் பதில் சொன்னது 1996-இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2. சொந்தமாக ஓர் இனத்தை உருவாக்க 10 புள்ளி தருவார்கள். எல்லாரையும் வசீகரிக்கும் குணத்துக்கு 3 புள்ளி செலவு. யாருமே அண்டாத அருவருப்பான இனமாக இருக்கச் சம்மதித்தால் 6 புள்ளி கைக்கு வரும். வணிகமும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை; போரும் சமாதானமும்தான். கைதேர்ந்த பலர் தயங்காமல் அந்த ஆறைத்தான் எடுத்தார்கள். கிடைத்த புள்ளியை உற்பத்தியில் போட்டுக் கப்பல் கட்டினார்கள்.

நட்பை ஏமாற்றுவதற்கும் ஆட்டக்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். சிவிலைசேஷன் 5-இல் உபரி ஆடம்பரப் பொருள் ஒன்றை 30 டர்னுக்குத் தருவதாகச் சொல்லி 240 பொன்னை மொத்தமாக வாங்கிக்கொள்வது. அடுத்த டர்னில் போர் அறிவிப்பது. பொன் பையில், பொருளும் கையில். 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கம் இதற்கு வைத்த பூட்டு எளியது: நட்பை ஊரறிய அறிவித்தவருக்கே மொத்தப் பணம், மற்றவருக்குத் தவணை.

2019-இன் டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ் இன்னும் ஒரு படி போய், ஒப்பந்தத்தின் மதிப்பையே திரையில் எழுதிவிடுகிறது. கழித்தல் எண் என்றால் மறுப்பு. கொஞ்சம் பணம் சேர்த்தால் எண் நகரும். கூட்டல் பக்கம் வந்ததும் எதிராளி கையெழுத்துப் போடுவார். நாணயமானது, ஆனால் எலெக்ட்ரானிக் தராசில் வெங்காயம் நிறுப்பதுபோல இருக்கிறது. இசபெல்லா என்ன சொல்வாளோ என்ற படபடப்பு அங்கே இல்லை.

அவளோ இதற்குள் பதில் அனுப்பிவிட்டாள். பட்டியலில் புதிதாக ஒரு +1. மொத்தம் மூன்று. ஆட்டக்காரர் சிரித்துக்கொண்டே டர்னை முடிக்கிறார். முடித்த வேகத்தில் ராணியின் முகம் மறுபடி திரையில் எழுகிறது. மான்சா மூசாவோடு வைத்திருக்கும் வியாபாரத்தையெல்லாம் உடனே நிறுத்த வேண்டுமாம். மாட்டேன் என்றால் இங்கே ஒரு கழித்தல். சரி என்றால் மூசாவின் நோட்டில் ஒரு கழித்தல். தொழில்நுட்பங்களில் பாதி மூசா கொடுத்தது. கொஞ்ச நேரம் யோசிக்கிறார். டர்ன் தொடங்கியபோது தானாகப் பதிவான ஆட்டம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில், முதலில் ‘சரி’ என்று சொல்லிப் பார்க்கிறார்.