எது ‘கிரேட்’? யோகோஹாமா அண்ணனோடு ஒரு கார் சண்டை

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களில் எது உண்மையிலேயே ‘கிரேட்’ என்று எங்கே கேட்டாலும் சண்டை வரும். இளையராஜாவா, ரஹ்மானா கேள்வி மாதிரிதான். பதிலைவிட, பதில் சொல்கிறவரின் வயதுதான் முதலில் தெரியும். டொயோட்டா சுப்ரா என்றால் 2001-ல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ கோஷ்டி. பழைய கரோலா ஏ.இ.86 என்றால் ‘இனிஷியல் டி’ காமிக்ஸ் படித்தவர். நிஸான் ஸ்கைலைன் என்றால் ப்ளேஸ்டேஷனில் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாடி பரீட்சையைக் கோட்டை விட்டவர். இவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த கார்களைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும்தான். நான் தினமும் ஓட்டுவது ஸ்கூட்டி.

ஆனால், எங்கள் வீட்டில் இந்தச் சண்டையில் ஒருவரின் ஆறு வருஷ சேமிப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், யோகோஹாமாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், “மஸ்டா ஆர்.எக்ஸ்-7 வாங்கப் போறேன்” என்றான். 1990-களின் கார். பெரியம்மா பதறிப்போய் எனக்கு போன் போட்டார். “ஏம்மா, நீ பத்திரிகைல எழுதறவதானே? முப்பது வருஷப் பழைய வண்டிக்கு இவ்வளவு காசு கொட்டுறான். அது அப்படி என்ன பெரிய வண்டி? விசாரிச்சு சொல்லு.”

விசாரித்தேன். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம்.

முதலில் விலை ஏன் இப்படி எகிறியது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 25 வருஷம் தாண்டிய வெளிநாட்டு கார்களை, அங்குள்ள பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றாமலேயே இறக்குமதி செய்யலாம். அதனால், 1990-களின் ஜப்பான் கார் ஒவ்வொன்றும் 25 வயதைத் தொடும்போது அமெரிக்கர்கள் வாங்கக் காத்திருக்கிறார்கள். அந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிற சுப்ரா 2021-ல் 5,50,000 டாலருக்கு ஏலம் போனது. சம்பளக்காரன் ஓட்டிப் பார்க்கச் செய்த கார்கள் இப்போது நகைக்கடை லாக்கர் சமாசாரம் ஆகிவிட்டன.

அப்படியென்றால் விலைதான் ‘கிரேட்’டுக்கு அளவா? இல்லை என்பது என் கட்சி. ஒரு கார் வந்த பிறகு மற்றவர்கள் தங்கள் வழியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததா? அதுதான் என் அளவுகோல்.

இந்த அளவுகோலில் முதலில் தேறுவது 1989-ல் வந்த ஸ்கைலைன் ஜி.டி-ஆர், ஆர்32. 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. சாதாரண நேரத்தில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். அவை வழுக்குகின்றன என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும் முன் சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்பும். ஜப்பானின் டூரிங் கார் பந்தயத் தொடரில் 1990 முதல் 1993 வரை 29 பந்தயங்கள். 29-லும் ஜெயித்தது ஜி.டி-ஆர்தான். ஆஸ்திரேலியாவில் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘காட்ஸில்லா’. அங்கே பாத்தர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 என்று இரண்டு முறை ஜெயித்தது. இரண்டாவது முறை நடந்தது பெரிய கூத்து. கொட்டும் மழையில் கார் மோதி நொறுங்கிக் கிடக்கிறது. பந்தயத்தை நிறுத்திவிட்டு, முந்தைய சுற்று நிலவரப்படி அதே காரை வெற்றி பெற்றதாக அறிவிக்கிறார்கள். கூட்டம் கூச்சல் போட, மேடையிலிருந்த டிரைவர் ஜிம் ரிச்சர்ட்ஸ் மைக்கிலேயே கூட்டத்தைத் திட்டினார். அடுத்த வருஷம் விதிகளையே மாற்றினார்கள். ஃபோர்டு, ஹோல்டன் வி8 கார்களுக்கு வழிவிட்டு ஜி.டி-ஆர் வெளியே போனது. ஒரு காரை அடக்க விதிப்புத்தகத்தைத் திருத்த வேண்டியிருந்தது என்றால் வேறென்ன சான்று வேண்டும்?

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் வைத்திருந்தன. எந்த காரையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரப்படுத்தக் கூடாது. 2004 வரை அது நீடித்தது. கேட்டலாக்கில் எல்லோரும் 280 என்றே எழுதினார்கள். ரோட்டில் நிஜம் வேறாக இருந்தது. பெண் வீட்டாரிடம் சம்பளத்தைக் குறைத்துச் சொல்லும் மாப்பிள்ளையை இங்கேதான் பார்க்கிறேன்.

அடுத்தது ஹோண்டா என்.எஸ்.எக்ஸ், 1990. முழு அலுமினிய பாடியோடு பெரிய அளவில் தயாரான முதல் கார். உருவாகும்போது சுஸுகா டிராக்கில் அதை ஓட்டிப் பார்த்த அயர்டன் சென்னா, பாடியின் விறைப்பு போதாது என்று சொல்ல, இன்ஜினீயர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அதற்குமுன் சூப்பர் கார் என்றால் முதுகுவலி, புழுக்கம், அடிக்கடி ரிப்பேர். அதுவே கௌரவம் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த ரகத்தில், தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகிற மாதிரி ஒரு காரை ஹோண்டா செய்துகாட்டியது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் முர்ரே, தன் காருக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்டது ஃபெராரியை அல்ல, என்.எஸ்.எக்ஸை.

சுப்ராவுக்கு என் பட்டியலில் இடமில்லை. கோபப்படாதீர்கள். அதன் மூன்று லிட்டர் 2ஜே.இசட். இன்ஜின் ‘கிரேட்’தான். அந்த இரும்பு பிளாக்கிலிருந்து 1,000 குதிரைத்திறன் எடுக்கிறார்கள். ஆனால், கார் புதிதாக வந்தபோது யாரையும் பெரிதாக அசைக்கவில்லை. மவுசு சினிமா கொடுத்தது.

மிட்சுபிஷி லான்ஸர் எவோவுக்கு மட்டும் கொஞ்சம் ஊர்ப்பாசம். உலக ராலியில் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை டாமி மாக்கினென் சாம்பியன் ஆனது எவோவில்தான். அதில் பிந்தைய எவோக்களுக்கு அடிப்படையான அதே தலைமுறை லான்ஸர்தான் 1998-ல் இருந்து நம் திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரானது. நம்மூர் ரோட்டில் 1.5 லிட்டர் இன்ஜினோடு அமைதியாகப் போன அந்த டாக்டர் வீட்டு காரின் அண்ணன், பின்லாந்துக் காட்டுப்பாதையில் பறந்துகொண்டிருந்தான்.

சரி, ஆர்.எக்ஸ்-7? இங்கேதான் அண்ணனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது.

அதில் இருப்பது ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் மேலும் கீழும் போகாது. முக்கோண வடிவ ரோட்டார் ஒரு கூட்டுக்குள் சுழலும். கண்டுபிடிப்பு ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வான்கெலுடையது. ஹிரோஷிமாவின் மஸ்டா 1961-ல் உரிமம் வாங்கியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினீயர்கள். ரோட்டார் முனையிலுள்ள சீல், கூட்டின் உள்சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி வரி போட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாத்தானின் நகக்கீறல்’. அதைத் தீர்த்து 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 1991-ல் நான்கு ரோட்டார் 787பி, லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. ஜப்பான் கம்பெனி ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை. அடுத்த வெற்றிக்கு ஜப்பான் 2018 வரை காத்திருந்தது. 787பி-யின் கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் சோர்ந்து விழுந்து, மேடையேறவே முடியவில்லை.

“மத்தவங்க எல்லாரும் கைவிட்டதை ஒருத்தன் மட்டும் பிடிவாதமா செஞ்சு ஜெயிச்சான். இது கிரேட் இல்லாம வேற எது?” என்றான் அண்ணன்.

“யாருமே பின்னால வரலையே அண்ணா! பெட்ரோல் குடிக்குது, ஆயில் குடிக்குது, சீல் போனா இன்ஜினையே பிரிக்கணும்.”

“யாராலயும் பின்னால வர முடியல. அதுதான் பாயின்ட்.”

அவன் வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். ஆர்.எக்ஸ்-7 ஒரு மகத்தான பிடிவாதம். ஆனால், பிடிவாதத்தைப் போற்றுவது வேறு, அதைப் பராமரிக்க மாதச் சம்பளத்திலிருந்து எடுத்து வைப்பது வேறு. ஜப்பானில் கார் வாங்க, நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். புது கார் என்றால் மூன்றாம் வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ‘ஷாக்கென்’ பரிசோதனை. 13 வருஷம் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரி கூடுதல். ரோட்டரி என்றால் இன்ஜின் அளவை ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டு வரி போடுவார்கள். இதையெல்லாம் எக்ஸெல் ஷீட்டில் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் அண்ணன் பேசவில்லை.

மூன்றாம் நாள் நான் என் துருப்புச்சீட்டை இறக்கினேன். மஸ்டா ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் மியாட்டா, எம்.எக்ஸ்-5. 1979-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பாப் ஹால், மஸ்டாவில் ஒருவரிடம் சொன்ன யோசனை அது: பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி சின்னதாக, மேல்மூடி திறக்கும், மலிவான ஸ்போர்ட்ஸ் கார் செய்யுங்களேன். கேட்டவர் யார் தெரியுமா? அதே ரோட்டரி யமமோட்டோ. 1989-ல் கார் வந்தது. 1.6 லிட்டர், டர்போ இல்லை, எடை ஒரு டன்னுக்கும் கீழே. செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த ரகத்துக்கு உயிர் வந்தது. உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனை அதனுடையது. 2016-ல் தயாரிப்பு பத்து லட்சத்தைத் தாண்டியது. குதிரையும் வீரனும் ஒன்றாவது என்ற அர்த்தத்தில் ‘ஜின்பா இத்தாய்’ என்பார்கள் மஸ்டாக்காரர்கள். என் அளவுகோலில் இதுதான் முதலிடம், ஸ்கைலைனுக்கும் மேலே. ஒரு பத்திரிகையாளர் கொடுத்த யோசனை என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

“அது பொம்மை கார்” என்றான் அண்ணன். ஆனாலும், ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் ஓட்டிப் பார்த்தான். பச்சை நிறம், 1990-களின் தொடக்கத்து வண்டி. மூன்று வாரம் கழித்து சாவியின் போட்டோ குடும்ப குரூப்பில் வந்தது. ஆர்.எக்ஸ்-7-க்கு ஒதுக்கியதில் பாதிக்கு மேல் மிச்சம். இன்றுவரை அவன் எனக்கு நன்றி சொல்லவில்லை. “இது இப்போதைக்குத்தான்” என்கிறான். ஆர்.எக்ஸ்-7-தான் கிரேட் என்ற கட்சியிலிருந்தும் இறங்கவில்லை.

பெரியம்மாவுக்கு விலையில் நிம்மதி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி போன் போட்டார். “ஏம்மா, ரெண்டு சீட்தான் இருக்கு. கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பொறந்தா அது எங்க உக்காரும்?”