ஆறு வோல்ட் எங்கே போச்சு?

மார்கழி மாதக் கோயம்புத்தூரில் விடிகாலை பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள் தியாகிகள். நாங்கள் மூன்று பேரும் தியாகிகள் இல்லை என்பதால் காசு போட்டு ஒரு ஹீட்டர் ராடு வாங்கினோம். 1500 வாட். அதன் பெரிய பின் எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நுழையவில்லை. கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார், நுழைந்துவிட்டது. (ஏன் நுழையாதபடி செய்திருக்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லை பாருங்கள்!)

ஒரே வாரத்தில் ஓனர் அம்மா மாடியேறி வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, அந்த ராடு போடறதா இருந்தா மாசம் 300 ரூபா சேத்துக் குடுத்துருங்க. எங்களுக்கு யூனிட் 9 ரூபா விழுகுது."

300 ரூபாயா! பி.காம். படிக்கிறவனிடமே கணக்கா? நிரூபித்துக் காட்டிவிடுவது என்று கிளம்பினேன். தெருமுனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணா மல்டிமீட்டரும் டாங் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இயற்பியல் பக்கம் நான் தலைவைத்துப் படுத்தே பல வருஷம் ஆகிறது. பத்தாம் வகுப்பில் படித்ததில் நினைவிருந்தது இரண்டே வரி. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஃபேன், மோட்டார் என்றால் இந்தப் பெருக்கல் அப்படியே சரிவராது. ராடு வெறும் சூடாகிற கம்பி என்பதால் பிரச்சினை இல்லை.

டாங் டெஸ்டரை வாங்கி நானே ராடின் ஒயரில் மாட்டினேன். பூஜ்யம் காட்டியது. "ஏனுங்ணா, ரிப்பேரா?" என்றேன். சிரித்தார். "போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணா உள்ள இருந்தா கழிச்சுக்கும் தம்பி. ஒரு ஒயர மட்டும் பிடிக்கணும்." பற்றும் வரவும் சமம்! எங்கள் பாடம்தான். அவர் சுவிட்ச் போர்டைத் திறந்து ஃபேஸ் ஒயரை மட்டும் பிடித்தார். 6.1 ஆம்பியர். போர்டில் 220 வோல்ட்.

220 × 6.1 = 1342 வாட். ஆளுக்கு 20 நிமிஷம், மூன்று பேருக்கு ஒரு மணி நேரம், 30 நாளைக்கு சுமார் 40 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் 362 ரூபாய். அதாவது ஓனர் அம்மா கேட்டது குறைவு! காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருப்பேன். அண்ணாதான் பாக்ஸில் காலியாக இருந்த ஓட்டையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். ராடு ஓடும்போது 214 வோல்ட். ராடின் தடை 214 ÷ 6.1, சுமார் 35 ஓம். அது சரிதான், 230 வோல்ட்டில் 1500 வாட் இழுக்கும் கம்பிக்கு அவ்வளவுதான் வரும். ஆனால் போர்டில் 220, மூன்று மீட்டர் தள்ளி 214. நடுவில் 6 வோல்ட் எங்கே?

இருப்பாய்வு ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் ஜாதி நான். பணமாகப் பார்த்தாலும் இது மாதம் பத்து ரூபாய்தான். அண்ணா விடவில்லை. "செம்பு ஒயர் அரை வோல்ட்டு, ஒரு வோல்ட்டு திங்கும் தம்பி. ஆறு திங்காது." பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். ஒரு பின் காபிப் பொடி நிறத்தில் கருகியிருந்தது. சுவர் பாயிண்டுக்குள் ஸ்குரூ லூஸ்.

கணக்கைப் போட்டேன். 6 ÷ 6.1, கிட்டத்தட்ட 1 ஓம். 6 × 6.1 = 36.6 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றை, என் கட்டிலுக்கு ஒரு அடி தள்ளி, சுவருக்குள் தினமும் ஒரு மணி நேரம் எரியவிட்டிருக்கிறோம். லூஸான இடத்தில் தடை, தடையால் சூடு, சூட்டில் உலோகம் கருகி இன்னும் தடை. கூட்டு வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். எம்.சி.பி. விழுந்திருக்காதா என்று கேட்டேன். அதற்குத் தெரிவது ஆம்பியர் மட்டும்தானாம். ஓடுவது வழக்கமான 6.1 ஆம்பியர், அது எதற்கு விழப்போகிறது?

இப்படி ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் சூடு என்று 1841-ல் எழுதியவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டர் பக்கம் மதுவடிக்கும் ஆலை வைத்திருந்த குடும்பம். நீராவி எஞ்சினை விட மின்மோட்டார் லாபமா என்று நிலக்கரி விலையையும் பேட்டரிக்கான துத்தநாக விலையையும் ஒப்பிட்டு, கட்டாது என்று முடிவு கட்டியவர். எங்கள் டிபார்ட்மெண்ட் ஆள்தான்.

பழைய 6 ஆம்பியர் பாயிண்டைக் கழற்றிவிட்டு, போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டார். பாக்ஸும் கன்வெர்ட்டரும் குப்பைக்கு. மறுபடி ராடு போட்டு வைத்துப் பார்த்தோம். போர்டில் 220, புது பாயிண்டில் 219.

கருகிய பாயிண்டைக் கொண்டுபோய் ஓனர் அம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், செலவில் பாதியைக் கொடுத்துவிட்டார். 300 ரூபாயை மட்டும் விடவில்லை. நானும் மறுபேச்சு பேசவில்லை. 362 என்று எழுதிய காகிதம் பாக்கெட்டிலேயே இருந்தது.