கேஸ் ஷீட்டில் வராத தவறு

என் வார்டில் யாரும் என்னை எதிர்த்துக் கேள்வி கேட்டதில்லை. அதை வெகுகாலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொதுமருத்துவப் பேராசிரியராகச் சேர்ந்தபோதும் அந்தக் குணம் கூடவே வந்தது. ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டை வீசியிருக்கிறேன். நோயாளிகள் எதிரிலேயே பிஜி மாணவர்களை, "உனக்கெல்லாம் யார் எம்.பி.பி.எஸ். கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறேன். எல்லாம் நோயாளியின் நன்மைக்கு என்று நம்பினேன்.

இதய வால்வுச் சுருக்கமும் ஒழுங்கற்ற துடிப்பும் உள்ள ஒரு பாட்டி பல வருடமாக என்னிடம்தான் வைத்தியம் பார்த்துவந்தார். டிகாக்ஸின் 0.25 மில்லிகிராம்; நம் ஊர் வழக்கப்படி வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. சளி, இருமல் என்று அட்மிட் ஆனவருக்கு கிளாரித்ரோமைசின் எழுதினேன். அது டிகாக்ஸினை உடலைவிட்டு வெளியேற விடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும். சிறுநீரகம் தளர்ந்த வயதில் கேட்கவே வேண்டாம். நான் எம்.டி. முடித்தபோது அந்த ஆன்டிபயாடிக் கடைக்கே வரவில்லை. ஆனால் அது சாக்கு இல்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதுதான். எழுதும் நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

பாட்டிக்குச் சாப்பாடு வெறுத்தது, குமட்டியது. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். காலையில் நாடி 46. அறுபதுக்குக் கீழே போனால் டிகாக்ஸினைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கொடுத்தார். முன்பு வேறொரு சிஸ்டர் அப்படி நிறுத்திவைத்ததற்கு, வார்டே கேட்கும்படி நான் கத்தியிருந்தேன்.

ஈசிஜியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு மருந்தையும் நிறுத்தி ஐசியுவுக்கு மாற்றினோம். பாட்டி பிழைத்தார். பிஜி மாணவரைக் கூப்பிட்டு, "உனக்குத் தெரியாதா?" என்றேன். அவர் கோட்டுப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். இரண்டு மருந்தின் பெயர், நடுவில் அம்புக்குறி. "நேத்தே சொல்லலாம்னு எழுதி வெச்சேன் சார்" என்றார்.

வயதான மருத்துவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமியைத்தான் உதாரணம் காட்டுவேன். முடக்குவாதத்தில் கோணிய விரல்களோடு கண் அறுவை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976இல், 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அடுத்து, 2021 ஜனவரியில் 93 வயதில் மறைந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தாவைச் சொல்வேன். இவர்களைக் காட்டி, எனக்கும் வயது ஒரு பொருட்டில்லை என்று வாதாடியிருக்கிறேன். அந்தப் பெரியவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர்களின் வயதை மட்டும்தான்.

அறுபதைத் தாண்டினால் ஞாபகம் பிசகும். ஸ்டெதாஸ்கோப்பில் இதயத்தின் மெல்லிய மர்மர் ஒலி பிடிபடாமல் போகும். அனுபவம் அதில் பாதியை ஈடுகட்டும். மீதிக்கு, பக்கத்தில் நிற்கும் இளையவரின் கண்ணும் காதும்தான் கதி. அவர்கள் வாயை வருடக்கணக்காக நானே அடைத்து வைத்திருந்தேன்.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றார், முகம் கொடுக்காமல். அந்த மாணவர் எம்.டி. முடித்துப் போய்விட்டார், அவரிடம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் மருந்துப் பட்டியலை மாணவர்களையே வாசிக்கச் சொல்லி, எதை மாற்றலாம் என்று கேட்கிறேன். யாராவது சொல்லிவிட்டால் இன்றும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

பாட்டியின் மகனிடம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். சேரக்கூடாத மருந்தைச் சேர்த்து எழுதியது நான் என்று இன்னும் சொல்லவில்லை. அவர் மாதாமாதம் அம்மாவை என்னிடமே கூட்டிக்கொண்டு வருகிறார்.