ஆண் பனைக்கு யார் வக்கீல்?

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஸீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். குரும்பலூரை நெருங்கும்போது மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். நடுவே வரப்புகளில் பனை.

பக்கத்து ஸீட் இளைஞர் ஒரு ஈச்ச மரத்தைக் காட்டி, "குட்டிப் பனை சார்!" என்றார். வளர்ந்தால் பனையாகிவிடுமாம்! அடையாளம் ரொம்ப சுலபம். ஓலை விசிறி மாதிரி விரிந்தால் பனை. சீப்பு மாதிரி பிரிந்தால் ஈச்சை. பனை மட்டையின் ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். கருக்கு என்று பெயர். ஒருதரம் கையை வைத்தால் ஆயுசுக்கும் பெயர் மறக்காது. ஈச்சைக்கு மட்டையடி இலைகளே முள். தென்னையும் சீப்பு ஜாதிதான், ஆனால் முள் இல்லாத சாது.

விசிறி ஜாதியில் பெரியண்ணன் தாளிப்பனை. கேரளா, இலங்கைப் பக்கம் பார்க்கலாம். ஒரு ஓலையே 15 அடி அகலம்கூட வரும். 30லிருந்து 80 வயசுக்குள் உச்சந்தலையில் ஒரே ஒரு தடவை பூத்து, காய்த்து, செத்துப்போகும். ரிடையரான கையோடு பி.எஃப். பணம் மொத்தத்தையும் ஊருக்கு விருந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிற ஆசாமி! நம்ம பனை நிதானம். முதல் பூவுக்கே 12, 15 வருஷம். அப்புறம் வருஷா வருஷம் உண்டு.

அந்தப் பூ வரும்வரை மரம் ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

குரும்பலூரில் இறங்கி நடந்தேன். நுங்கு சீவிக்கொண்டிருந்த பெரியவர் அண்ணாந்து காட்டினார். "விரல் விரலா நீட்டிக்கிட்டிருக்கே, அது அலகு. ஆண் பனை. இந்தா, குரும்பை புடிச்சிருக்கே, இது பருவப்பனை தம்பி." குரும்பலூரில் நின்று குரும்பை பார்க்கிற யோகம்!

"ஆண் ரெண்டையும் சூளைக்குக் குடுத்துடலாம்ங்கிறான் பையன். காய்க்காத மரமாம்."

பி.காம். மூளை விழித்துக்கொண்டது. ஆண் பனையிலும் பதநீர் இறங்குமே, அதை யார் வரவில் வைப்பது? மகரந்தம் இல்லாவிட்டால் முளைக்கிற விதைக்கு எங்கே போவது? 1978லேயே மாநில மரமாக அறிவித்தாயிற்று. வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலும் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு நுங்கை நீட்டினார்.

"எல்லாம் சரிதான் தம்பி. பதநீ எறக்க ஆள் கெடச்சா நான் ஏன் மரத்தக் குடுக்கப்போறேன்? ஏறத் தெரிஞ்சவன் உங்க ஊர்ல எவனாச்சும் இருக்கானா?"